ஆறு ரோல் வெல்வெட்டும் சுண்டுவின் ஆங்கிலமும்

துணி ஆலையில் எல்லாரும் அவளைச் சுண்டு என்றுதான் கூப்பிட்டார்கள். அந்தச் செல்லப் பெயரை வைத்தவன் அவளுடைய அண்ணன். எட்டாம் வகுப்போடு புத்தகத்தை மூடிவிட்டு, அதே ஆலையின் கிடங்கில் துணி ரோல்களைச் சுமக்கிறவன். அவள் ஷேடு பார்க்கிறவள். ஒரே சாயத்தில் நனைந்த இரண்டு துணிகளை நீட்டினால், யார் கண்ணுக்கும் படாத நிற வித்தியாசம் அவள் கண்ணுக்குப் பட்டுவிடும். அதில் அண்ணனுக்குப் பெருமை பிடிபடாது.

ஷேடு அறைக்குப் பொறுப்பாளர் தேவைப்பட்டபோது மேனேஜர் அவளைக் கூப்பிட்டார்.

“ஆறு வாரத்துல வெளிநாட்டு வாடிக்கையாளர் வர்றார். அவர்கிட்ட நீயே இங்கிலீஷ்ல பேசிச் சமாளிச்சா அந்த அறை உனக்கு. இல்லேன்னா வேற ஆளைப் போட்டுடுவேன். நீ பழையபடி நூல் வெட்டுற மேசைக்குப் போயிடு.”

நூல் வெட்டும் மேசையில் அவள் நான்கு வருடம் குனிந்தே இருந்தவள். கழுத்து வலி இன்னும் விடவில்லை.

அன்றே வீட்டுச் சமையலறைச் சுவரில் துணித் துண்டுகள் ஏறத் தொடங்கின. ஒரு வரிசைக்கு மூன்று. கீழே எழுத்து: டார்க், டார்க்கர், டார்க்கஸ்ட். கோணலாக ஒட்டியதையெல்லாம் அளவுகோல் வைத்து நேராக்கியது அண்ணன்தான். ஒட்டிய துண்டுகளை எண்ணியும் வைத்திருந்தான்: நூற்றுப் பதினேழு.

“ஏன் சுண்டு, நாம ‘இதைவிட அது’ன்னு ஒரே ‘விட’வை வெச்சுக் காலத்தை ஓட்டிடறோம். இவங்க எதுக்கு வார்த்தைக்கு வார்த்தை வால் ஒட்டறாங்க?”

“சின்ன வார்த்தைன்னா வால் தாங்கும்ணா. ரெண்டுல ஒண்ணைச் சொல்ல ‘அர்’. கூட்டத்துலயே ஒசத்தின்னா ‘எஸ்ட்’. நீள வார்த்தைக்கு வால் ஒட்டாது. முன்னாடி ‘மோர்’, ‘மோஸ்ட்’னு ஆள் அனுப்பணும். மோர் எக்ஸ்பென்சிவ், மோஸ்ட் எக்ஸ்பென்சிவ்.”

“அப்போ குட்டு, குட்டர், குட்டஸ்ட்டு?”

“ஐயோ, மானத்தை வாங்காதே! குட், பெட்டர், பெஸ்ட். அந்த வீட்டுப் பிள்ளைங்க அப்பா ஜாடையில இருக்காதுங்க.”

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். ஆனால் அவள் அந்தப் பக்கம் திரும்பியதும், ‘பெட்டர், பெஸ்ட்’ என்று தனக்குத்தானே ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

வாடிக்கையாளர் வந்த நாளில் ஆறு ரோல் நீல வெல்வெட்டை மேசையில் விரிக்கும் வேலை அண்ணனுடையது. தங்கைக்கு முக்கியமான நாளாயிற்றே என்று அவன் கூடுதல் அழகு பார்த்தான். மூன்று ரோல்களை இந்தப் பக்கமிருந்தும் மூன்றை எதிர்ப்பக்கமிருந்தும் விரித்து, முனைகள் நடுவில் முட்டி நிற்கும்படி ஒரு நூல் பிசகாமல் வைத்தான்.

வாடிக்கையாளர் வந்தார், பார்த்தார், முகம் சுளித்தார். எதிர்ப்பக்கத்து மூன்றையும் காட்டி, “தீஸ் ஆர் டார்க்கர். ரிஜெக்ட்” என்றார்.

மேனேஜருக்கு வியர்த்துவிட்டது. அந்த ஒரு சொல்லின் வால் அண்ணனுக்கும் புரிந்தது.

சுண்டு உள்ளங்கையால் வெல்வெட்டை ஒருமுறை மேல்நோக்கித் தடவினாள், ஒருமுறை கீழ்நோக்கி. பிறகு திரும்பி அண்ணனை ஒரு பார்வை பார்த்தாள். அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. வெல்வெட்டின் மயிர் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கும். எதிரெதிராக விரித்தால் ஒன்று வெளுப்பாகவும் மற்றது அடர்த்தியாகவும் தெரியும். அழகு பார்க்கப்போய்த் தங்கையின் தலையில் கல்லைப் போட்டிருக்கிறான்.

அவள் கத்தரியை எடுத்தாள். ஆறு ரோல்களிலும் கையகலத் துண்டு வெட்டி, மயிர் ஒரே பக்கம் சாயும்படி அடுக்கி, நிறம் ஒப்பிடும் விளக்குப் பெட்டிக்குள் வைத்தாள்.

“நோ சார். நாட் டார்க்கர். சேம்” என்றாள்.

வாடிக்கையாளர் குனிந்து பார்த்தார். மெதுவாகத் தலையாட்டினார். மேனேஜர் விட்ட மூச்சு அண்ணன் நின்ற இடம்வரை கேட்டது. அதோடு அவள் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. ஐந்தாவது துண்டைத் தனியாக நகர்த்தினாள்.

“பட் திஸ் ஒன், சார். டார்க்கஸ்ட் ஆஃப் தி சிக்ஸ். டோன்ட் டேக்.”

மேனேஜர் பல்லைக் கடித்துக்கொண்டு, “உன்னை யாரும்மா கேட்டா?” என்றார்.

வாடிக்கையாளர் அந்தத் துண்டை எடுத்து, மற்றவற்றின் பக்கத்தில் வைத்து வைத்துப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தபின்தான் அவர் கண்ணுக்கே அது பிடிபட்டது. ஐந்து ரோல்களுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு மேனேஜரிடம் ஏதோ சொன்னார். அவர் கார் கிளம்பிப் போனதும் மேனேஜர் அதைத் தமிழில் சொன்னார்.

“இனிமே இந்தப் பொண்ணு பார்த்து அனுப்பினா போதுமாம். அவர் நேர்ல வர மாட்டாராம்.” அறைச் சாவியை அவள் கையில் வைத்தார். “போ, உள்ள போ.”

அண்ணன் அறை வாசலிலேயே நின்று பார்த்தான். தான் இடுப்பில் தூக்கி வளர்த்த பெண்ணா இவள்? தெரியாத ஒரு மொழியில், தனக்கே ஆகாத உண்மையைக்கூட எடுத்துச் சொல்கிறாளே!

“என்ன அப்படியே நிக்கறே?” அறைக்குள்ளிருந்து குரல் வந்தது. “அந்த அஞ்சாவது ரோலை உள்ள கொண்டு வாண்ணா. சாயம் எங்க கூடிப்போச்சுன்னு பார்க்கணும்.”

பொறுப்பாளர் சொல்லிவிட்டார். அண்ணன் குனிந்து ரோலைத் தோளில் ஏற்றினான்.