ஐந்து இலக்கங்களும் தெரிய வேண்டும்

பதினொரு வருடங்களாக அவள் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்க்கிறாள். மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு வீடுகள். தெருக்காரர்களுக்கு அவள் மீட்டரக்கா. முன்பு நோட்டில் எழுதிக் கொடுத்தால் போதும். இரண்டு வருடங்களாகச் செல்போனில் படம் எடுத்து அனுப்ப வேண்டியிருக்கிறது. அலுவலகத்தில் கம்ப்யூட்டர்காரர் படத்தைப் பெரிதாக்கி ஐந்து இலக்கங்களையும் படிப்பார். ஓர் இலக்கம் கலங்கியிருந்தாலும் திருப்பிவிடுவார்.

சென்ற மாதம் எழுபத்திரண்டு படங்கள் திரும்பின.

"இந்த மாசம் பத்தைத் தாண்டிச்சுன்னா ரூட்டை வேற ஆளுக்குக் கொடுத்துடுவாங்கம்மா," என்றார் சூப்பர்வைசர். "உங்களுக்குத் தபால் பிரிக்கிற மேசை. நிழல்ல உக்காந்து பாருங்க. அலைச்சல் மிச்சம்."

"அலைச்சல்னு நான் எப்ப சார் சொன்னேன்?"

எந்த வீட்டு மூடி இறுகிக் கிடக்கும், எந்த நாய் குரைப்பதோடு நிறுத்திக்கொள்ளும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. மேசையில் உட்கார்ந்து அவள் என்ன செய்வாள்? கை நடுங்குகிறது, வயதாகிவிட்டது என்று யாரோ பேசியதும் காதில் விழுந்திருந்தது. வயது நாற்பத்தாறு. கை நடுங்கவில்லை.

ஒரு நாளைக்கு ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது என்று தீர்மானித்தாள்.

முதல் நாள் ஃபிளாஷை அணைத்தாள். கண்ணாடியில் விழுந்த வெள்ளைத் திட்டு மறைந்தது. ஆனால் குழிக்குள் இருந்த மீட்டர்கள் இருண்டன. இரண்டாம் நாள் ஒரு சிறிய டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தாள். எண்கள் எழுந்து வந்தன. மூன்றாம் நாள், நின்றபடியே படத்தை இழுத்துப் பெரிதாக்குவதை விட்டாள். முழங்கால் போட்டுக் கிட்டே போனாள். நான்காம் நாள் முழங்கைகளை விலாவோடு ஒட்டி, திரையில் எண்களின் மேல் ஒரு முறை தொட்டு, மூச்சை விட்டபின் எடுத்தாள்.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் மாத்திரை அட்டைகளின் தேதியைப் படமெடுத்துப் பழகினாள். அட்டைகள் நாத்தனாருடையவை. அவள் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள்.

"மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பணும், ஒரு படம் எடுங்க அண்ணின்னேன். பாதித் தலையைக் காணோம். இந்த அட்டைக்கு மட்டும் இவ்வளவு உபசாரமா?"

"அட்டை ஆடாம கிடக்குது. நீ ஒரு நிமிஷம் வாயை மூடிட்டு நின்னியா?"

இவ்வளவுக்குப் பிறகும் படங்களில் புகை படிந்தாற்போல ஒரு மங்கல். ஐந்தாம் நாள் மாலை அன்றைய படங்களை வரிசையாகத் தள்ளிப் பார்த்தாள். முதல் படம் பளிச்சென்று இருந்தது. இரண்டாவதும் பரவாயில்லை. நான்காவதிலிருந்து புகை. பத்தாவதில் மூன்றா எட்டா என்று தெரியவில்லை. முந்தின நாளும் அப்படித்தான். அதற்கு முந்தின நாளும்.

நாள் முழுதும் செல்போன் கிடக்கும் வேலைக் கோட்டின் பைக்குள் கை விட்டாள். பை ஈரமாக இருந்தது. உள்ளே, மீட்டர்க் கண்ணாடியின் பாசியையும் சேற்றையும் துடைக்கும் ஈரத்துணி.

நாத்தனார் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. "முந்நூறு வீட்டுக் கண்ணாடியைத் துடைச்சீங்க அண்ணி. உங்க கண்ணாடியைத் துடைக்கலையே!"

"சிரிச்சது போதும். உன் கைக்குட்டை ஒண்ணைக் கொடு. பருத்தியா பாத்து."

மறுநாளிலிருந்து துணி இடது பையில், செல்போன் வலது பையில். ஒவ்வொரு வாசலிலும் முதலில் லென்ஸைத் துடைத்தாள். பிறகுதான் மீட்டரை. முதல் ஐந்து நாள் வீடுகளுக்கெல்லாம் திரும்பப் போய் மறுபடி எடுத்தாள்.

கடைசி நாள் மதியம் சூப்பர்வைசர் பட்டியலைப் பார்த்தார். "பதினொண்ணு. ஒண்ணுதானே கூட. மேல சொல்லிப் பாக்கறேன்."

"சொல்ல வேண்டாம் சார். லிஸ்ட்டை எப்ப மூடுவீங்க?"

"மூணுக்கு."

மணி ஒன்றரை. மழை பெய்துகொண்டிருந்தது. திரும்பிய படங்களில் கிட்டே இருந்த வீட்டைத் தேர்ந்தெடுத்தாள். மாடிப்படிக்குக் கீழே குழி. அதில் முழங்கையளவு தண்ணீர். வீட்டுக்காரரிடம் வாளி கேட்டு வாங்கி இறைக்கத் தொடங்கினாள். அவர் கதவருகே நின்று பார்த்தார்.

"விடும்மா. குத்துமதிப்பா ஒரு நம்பர் போட்டுக்கோ. நான் என்ன கோர்ட்டுக்கா போகப் போறேன்?"

"நீங்க போக மாட்டீங்க சார். நான் தபால் மேசைக்குப் போயிடுவேன்."

அவருக்குப் புரியவில்லை. ஆனாலும் ஒரு குடையை எடுத்து வந்து குழியின் மேல் பிடித்தார். பதினெட்டு வாளி. பிறகு ஈரத் தரையில் குப்புறப் படுத்தாள். துடைத்தாள். டார்ச்சைச் சாய்த்தாள். தொட்டாள். மூச்சை விட்டாள். மூன்று படங்கள்.

இரண்டே முக்காலுக்கு அலுவலகத்தில் கம்ப்யூட்டர்காரர் உரக்கப் படித்தார். "பூஜ்யம், மூணு, எட்டு, எட்டு..." நிறுத்தினார். இன்னும் பெரிதாக்கினார். "ஒண்ணு. சரியா இருக்கு."

சூப்பர்வைசர் பதினொன்றை அடித்துப் பத்து என்று எழுதினார். "ரூட்டு உங்களுக்கே. போய் ஈரத்தை மாத்துங்கம்மா."

அவள் கம்ப்யூட்டர்காரரின் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அந்தப் பத்தையும் காட்டுங்க. ஏன் தெரியலைன்னு பாக்கணும்."


"அதான் முடிஞ்சுதேக்கா."

"அடுத்த மாசம் வருமில்ல?"

அவர் முதல் படத்தைத் திறந்தார்.