உயிரோடு அளக்க வேண்டிய மீன்

என் மனைவியின் மார்பில் கண்ட கட்டி நல்லதா கெட்டதா என்பது ஒரு மீன் உயிரோடு இருப்பதைப் பொறுத்தது என்று நான் நம்பினேன். காய்ச்சலில் பிதற்றவில்லை, குடித்திருக்கவும் இல்லை. ஐம்பதைத் தாண்டிய, இத்தாலிய மொழியில் சண்டை பிடிக்கத் தெரிந்த, வாகன லைசென்ஸை முதல் தடவையிலேயே எடுத்த நான், பட்டப்பகலில், பிரிட்ஜுக்கு மேல் இருக்கும் பிள்ளையாருக்கு முன்னால் நின்று, முழு நினைவோடு இதை நம்பினேன்.

கட்டியில் ஊசி குத்திச் சதை எடுத்த நாளில்தான் இது தொடங்கியது. ஊசி குத்தியது அவளுக்கு. விழுந்தது நான். ஆஸ்பத்திரி நடையில், சுவரில் ஒட்டியிருந்த ஒரு மார்பின் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது ஞாபகம். அடுத்த ஞாபகம், என் கால்களைக் கதிரையில் தூக்கி வைத்துவிட்டு இரண்டு தாதிமார் தோடம்பழச் சாறு பருக்குவது. என் மனைவி உள்ளே இருந்து, கட்டுப் போட்ட இடத்தைக் கையால் பொத்தியபடி வந்து, அவர்கள் என்னிடம் கேட்டதை எனக்கு மொழிபெயர்த்தாள்.

"உங்களுக்குச் சீனி வருத்தம் இருக்கோ எண்டு கேக்கினம்."

பஸ்ஸில் திரும்பும்போது, இனி ஆஸ்பத்திரிக்குத் தான் தனியப் போறதாகச் சொன்னாள். பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. முடிவு எப்போது வரும் என்று கேட்டதற்கு, அடுத்த கிழமைக்கு அடுத்த திங்கள் என்றாள். அந்தத் திங்களை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

அன்று பின்னேரமே இரண்டு இடத்தில் மனுப் போட்டேன். பெல்லெக்ரீனோ மலைக் குகையில் இருக்கும் சாந்தாவுக்கு, இந்த நகரத்தின் காவல் புனிதைக்கு, வெறுங்காலோடு ஏறி வருவதாகச் சொன்னேன். அது பலெர்மோத் தமிழர் எல்லாரும் சொல்வது, சாந்தாவுக்கே அலுத்திருக்கும். பிள்ளையாருக்குத் தனிப்பட ஏதாவது கொடுக்க வேண்டும். குடியை விடலாமென்றால் நான் குடிப்பதில்லை. சூதும் இல்லை. என்னிடம் இருந்த ஒரே கெட்ட பழக்கம் தூண்டில். ஆகவே சோதனை முடிவு வரும்வரை என் கையால் ஒரு மீனின் உயிரும் போகாது என்று நேர்ந்தேன்.

நேர்ந்து முடித்துக் கற்பூரம் அணைவதற்குள் ஞாபகம் வந்தது: அந்தத் திங்களுக்கு முதல் நாள், ஞாயிற்றுக்கிழமை, ஒராத்தாப் போட்டி. இரட்டையர் போட்டி. மூன்று மாதத்துக்கு முன்னரே பெயர் கொடுத்தாயிற்று.

ஒராத்தா என்பது எங்கள் ஊர் விளைமீனுக்கு ஒன்றுவிட்ட சகோதரன் போல ஒரு மீன். வெள்ளி உடம்பு, தடித்த சொண்டு, இரண்டு கண்ணுக்கும் இடையில் குறுக்கே ஒரு பொன்னிறப் பட்டை. திருநீறு பூசிய சைவக்காரன் முகம். அந்த முகத்தை வைத்துக்கொண்டு நண்டையும் மட்டியையும் ஓட்டோடு நொறுக்கித் தின்னும்.

என் சோடி வன்னியிலிருந்து சண்டைக்குப் பிறகு வந்தவன். பிரான்காச்சோவில் டயர்க் கடை ஒன்றில் வேலை. என்னைவிட இளையவன், நன்றாக மீன் பிடிப்பான், கதைக்கவே மாட்டான். என்னோடு சோடி சேர அதுவே போதுமான தகுதி, எனக்கும் சேர்த்துக் கதைக்க நான் இருக்கிறேனே. நாங்கள் சேர்ந்து போன போட்டி எல்லாவற்றிலும் கீழ்ப்பாதியில்தான் வந்தோம். ஒவ்வொரு முறையும் காரணம் நான். அவன் அதை ஒருநாளும் சொன்னதில்லை. இந்த முறை எங்கள் பெயரையும் ஒலிவாங்கியில் வாசிக்க வேண்டும் என்று மட்டும், அதுவும் கடற்புழு வாங்கப் போன இடத்தில், ஒருதரம் சொன்னான். இப்படிப்பட்டவனிடம் போய், பிள்ளையாரோடு எனக்கு ஒரு ஒப்பந்தம் இருக்கிறது, வரமாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

எனக்குள் ஒரு வக்கீல் எழும்பினான். இந்தப் போட்டியில் மீனைக் கொல்வதில்லை. பிடித்து, வாளியில் கடல் தண்ணீரில் விட்டு, நடுவர் வந்து நீளம் அளந்தபின் திரும்பக் கடலில் விடவேண்டும். செத்த மீனுக்குப் புள்ளி இல்லை. விசா புதுப்பிக்கப் போகும் குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோரில் எங்களுக்குச் செய்வதும் ஏறக்குறைய இதுதான். கூப்பிடுவான், வரிசையில் நிறுத்துவான், விரல் அடையாளம் எடுப்பான், மூச்சு இருந்தால் போகவிடுவான். இதில் கொலை எங்கே? பிள்ளையாரும் ஒத்துக்கொண்டது போலத்தான் இருந்தது. குறைந்தபட்சம் மறுத்துப் பேசவில்லை.

ஆனாலும் சனிக்கிழமை எனக்குத் தைரியம் போய்விட்டது. போகவில்லை என்று மனைவியிடம் சொன்னேன். என் தூண்டில் தடிகளைக் குப்பையில் போடப்போவதாகப் பல வருடமாகப் பயமுறுத்தி வந்தவள் அன்று கடுகு தாளித்துக்கொண்டு, திரும்பாமலே சொன்னாள்:

"போட்டு வாங்கோ. வீட்டிலை நிண்டு என்ன செய்யப்போறியள்? என்னைப் பாத்துப் பாத்துப் பெருமூச்சு விடுறதுக்கோ?"

விடிய எழும்பி, ரிக்கொத்தாப் பாற்கட்டி வந்த பிளாஸ்டிக் டப்பாவில் புட்டும் சம்பலும் வைத்துத் தந்தாள். அவசரப்பட்டு வரவேண்டாம் என்றும் சொன்னாள். எனக்கு இப்படியொரு மனைவி வாய்த்ததை நினைத்துப் பூரித்துக்கொண்டு, எங்கள் குடியிருப்பான அல்பெர்கேரியாவின் ஈரப் படிக்கட்டில் தடிகளோடு இறங்கினேன்.

பிரான்காச்சோவைத் தாண்டிக் கிழக்கே உள்ள கடற்கரை. முந்தின இரண்டு நாளும் அடித்த காற்று விழுந்து, கடல் கலங்கிச் சேற்று நிறத்தில் கிடந்தது. வானமும் அதே நிறம். சீட்டிழுப்பில் எங்களுக்கு நடு இடம் விழுந்தது. அடுத்த இடத்தில் ஓய்வுபெற்ற பஸ் சாரதி ஒருவர், தன் மருமகனோடு. எப்போதும் முதல் மூன்றுக்குள் வருகிற மனிதர்.

இந்த மீனைப் பற்றி நான் தோற்றுத் தோற்றுக் கற்றது கொஞ்சம் உண்டு. கடல் அடங்கிவரும் நாளில் மீன் கரைக்குக் கிட்ட வரும். அலை உடைந்து மணலைத் தோண்டிய பள்ளத்தில், கிளம்பிய புழுவையும் மட்டியையும் பொறுக்கும். ஆனால் கரையில் நிற்கிற ஆண்பிள்ளைகள் எல்லாம் அடிவானத்தை நோக்கித்தான் ஈயக்குண்டை எறிவார்கள். தூர எறியத் தெரிந்தவனுக்குக் கிட்ட எறிவது மானக்கேடு. என் சோடிக்கு அந்த மானம் கிடையாது. முதல் அலைக்கு அப்பால், பள்ளத்தில் போட்டான். முதலில் சின்ன மீன்கள், வெறுங்கையோடு போகாதபடி. பிறகுதான் பெரிசு. அதுதான் எங்கள் திட்டம். அவன் மெல்லிய தங்கூசி நூலில் புழுக் கோத்துச் சின்னதுகளைப் பார்ப்பது, நான் ஒரு தடியில் நண்டு கட்டிப் பெரிய ஒராத்தாவுக்குக் காத்திருப்பது.

காத்திருப்பதுதான் எனக்கு வராத வேலை. ஒராத்தா முதலில் ஒரு தட்டுத் தட்டும். தடி நுனி தலையாட்டும். அப்போது இழுக்கக்கூடாது. அது கடைவாயில் நண்டை நொறுக்கி, துப்பி, ஓட்டைக் கழித்துவிட்டுத் திரும்ப எடுக்கும். ரீலைத் தளர்த்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவேண்டும். இரண்டாம் முறை எடுத்துக்கொண்டு ஓடும்போதுதான் தடியைத் தொடலாம். நான் முதல் தட்டிலேயே இழுக்கிற சாதி. நெஞ்சு தாங்காது. இத்தனை வருடத்தில் பாதி நொறுங்கிய நண்டுகள்தான் எனக்குக் கிடைத்தவை.

அன்று நான் தடியைப் பார்க்கவேயில்லை. என் சோடி மளமளவென்று மூன்று சின்ன மீனைத் தூக்கி வாளியில் விட்டான். மூன்று உயிர். நடுவரோ கரையின் மறு அந்தத்தில் நின்றார். வாளிக்குள் காற்று ஊதும் சின்ன மெஷின் இருமத் தொடங்கியது. கையை நனைத்துத்தான் மீனைத் தொடவேண்டும், செவுளில் விரல் படக்கூடாது, தண்ணீர் சூடேறக்கூடாது என்றெல்லாம் எல்லாருக்கும் தெரிந்த விதிகளை நான் தாதியாகப் பயிற்சி எடுத்தவன் போல நிறைவேற்றினேன். இன்னொரு வாளியில் கடலுக்கும் கரைக்கும் ஓடி ஓடித் தண்ணீர் மாற்றினேன். என் சட்டையைக் கழற்றி நிழல் பிடித்தேன். ஒரு மீன் கொஞ்சம் சரிந்து நின்றபோது குந்தியிருந்து அதோடு கதைத்தேன். பஸ் சாரதி பக்கத்திலிருந்து, டொத்தோரே, நோயாளிக்குக் காய்ச்சல் எவ்வளவு என்று விசாரித்தார். அவருடைய மருமகன் சிரித்தான். நானும் சிரித்தேன். திரும்பத் தண்ணீருக்கு ஓடினேன்.

"அண்ணை, மீன் பிடிக்க வந்தனீங்களோ, வளக்க வந்தனீங்களோ?" என்றான் என் சோடி. அவனுக்கு அது ஒரு முழுச் சொற்பொழிவு.

நடுவர் வந்து மூன்றையும் அளந்தார். மூன்றும் நீந்திப் போயின. எனக்குக் கண் கலங்கியது. நாங்கள் அப்போது எங்கள் பகுதியில் இரண்டாவது, பஸ் சாரதிக்குச் சற்றுக் கீழே.

முடிய அரைமணி இருக்கையில் என் தடி தலையாட்டியது. இரண்டு கையிலும் வாளி. கீழே வைக்க முடியாமல் முழங்கால் தண்ணீரில் நின்றேன். தடி மறுபடி ஆடி, பிறகு ஓய்ந்து, பிறகு ரீல் அலறிக்கொண்டு ஓடியது. வாழ்க்கையில் முதல் தடவையாகச் சரியான நேரத்தில் தடியைத் தொட்டேன், கை வேலையாக இருந்த காரணத்தால்.

வந்தது பஸ் சாரதியின் பெரிய மீனைப்போல இரண்டு மடங்கு. நெற்றியில் பொன் பட்டை பளபளவென்றது. என் சோடி வாயைத் திறந்து, "அண்ணை, முதலாமிடம்" என்றான். பிறகுதான் பார்த்தோம். தூண்டில் ஊசியை ஆழமாக விழுங்கியிருந்தது. தங்கூசியை வாயருகில் வெட்டிவிட்டு வாளியில் வைத்தேன். செவுளிலிருந்து இரத்தம் நூலாக வந்தது. தண்ணீர் மெல்லச் சிவந்தது.

அவன் நடுவரைக் கூப்பிட மணலில் ஓடினான். அவர் மறுபடியும் தூரத்து அந்தத்தில்.

நான் வாளியோடு தனியே நின்றேன். மீன் ஒரு பக்கமாகச் சரிந்து, நிமிர்ந்து, மறுபடி சரிந்தது. வாய் திறந்து மூடியது. அந்தப் பட்டை என்னையே பார்த்தது. அது இந்த வாளிக்குள் செத்தால் திங்கட்கிழமை என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துவிட்டது என்றே நினைத்தேன். வாளியைத் தூக்கிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, நுரைக்கு அப்பால், மீனைக் கையிலிருந்து விட்டேன். வாலை ஒருதரம் அசைத்தது. பிறகு சேற்று நிறத்தில் காணாமல் போயிற்று.

நடுவரோடு மூச்சு வாங்க வந்தவன் வெறும் வாளியைப் பார்த்தான்.

"எங்கை?"

"விட்டிட்டன்."

"உங்களுக்கு விசரே அண்ணை?"

நடுவர் தோளைக் குலுக்கிவிட்டு அளவுப் பலகையோடு அடுத்த இடத்துக்குப் போனார். என் சோடி தன் தடியைக் கழற்றி, துடைத்து, உறையில் போட்டான். மிக மெதுவாக, ஒவ்வொரு துண்டாக.

கடைசி அரைமணியில் எங்களைத் தாண்டி நாலு சோடி போய்விட்டது. பெயர்களை வாசிக்கும்போது பஸ் சாரதி அங்கே இல்லை, மருமகன்தான் கையை உயர்த்தினான். அவர் தண்ணீர் ஓரத்தில் குனிந்து நின்றார். நான் விட்ட ஒராத்தாவை அலை கொண்டுவந்து அவர் இடத்தில் போட்டிருந்தது, வயிறு மேலே. ஒரு பையில் போட்டு என் கையில் கொடுத்தார். பகிடி ஏதும் விடவில்லை. மனைவிக்குக் கொண்டு போ என்றார்.

காருக்குள் வைத்து நேர்த்தியை என் சோடியிடம் சொன்னேன். கட்டியையும் சொன்னேன். அவன் பல்லாரோச் சந்தை மூலையில் நிறுத்தி, "முதலே சொல்லியிருந்தால் நானும் வந்திருக்க மாட்டன் அண்ணை" என்றான்.

சந்தைப் பூனைகளுக்கு மீனைப் போட்டுவிட்டுப் போகத்தான் நினைத்தேன். கொலைச் சான்றை ஒழிக்கிற கள்ளன் போல இரண்டு ஒழுங்கை சுற்றினேன். கை வரவில்லை. வீட்டில் பையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றவனிடமிருந்து அவள் அதை வாங்கித் திறந்தாள். அவளுடைய கண் வீங்கியிருந்தது. வெங்காயம் என்று நினைத்தேன்.

"நல்ல மீன். ஏன் ஒளிக்கிறியள்?"

அப்போது எல்லாவற்றையும் கொட்டினேன். பிள்ளையார், நேர்த்தி, வாளி, இரத்தம், நாளைக்குத் திங்கட்கிழமை, நான்தான் கெடுத்துவிட்டேன் என்று. நிலத்தில் குந்திவிட்டேன். அவள் செதில் சுரண்டுவதை நிறுத்தவில்லை.

"வியாழக்கிழமை சொல்லிப்போட்டினம்" என்றாள்.

"ஆர்?"

"ஆஸ்பத்திரியிலை. நான் வேலைக்குப் போற வீட்டுச் சிஞ்ஞோராதான் கூட்டிக்கொண்டு போனவா." கத்தியைக் கழுவினாள். "நல்லதில்லையாம்."

ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"எனக்கு ஒரு நாள் தனிய இருந்து அழவேணும் போல கிடந்தது. நீங்கள் நிண்டால் நான் உங்களையெல்லே பாக்க வேணும்." பிறகு சொன்னாள்: "பிள்ளையாரிட்டைக் கேட்ட நேரம் என்னட்டைக் கேட்டிருக்கலாம்."

மீனைக் குழம்பு வைத்தாள். இரண்டு பேரும் சாப்பிட்டோம். அடுத்த மாதம் இடது மார்பை எடுத்தார்கள். நான் நடையில், கைப்பிடி உள்ள கதிரையில், படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தேன்.

மீன் செத்தது ஞாயிற்றுக்கிழமை. அவளுக்குச் சொன்னது அதற்கு முந்தின வியாழக்கிழமை.