சூட்டி விழுங்கிய வலைத்துண்டு

கல்பிட்டிப் பக்கத்து எத்தாளையில் பளீலாவைத் தெரியாதவர்களுக்கும் அவள் அவிக்கும் இடியப்பத்தைத் தெரியும். விடியும் முன்பே மூன்று கடைகளுக்கு அவள் வீட்டிலிருந்துதான் போகும். அதில் ஒரு மயிர் கிடந்தது, ஓர் எறும்பு கிடந்தது என்று பதினைந்து வருடத்தில் ஒருவரும் சொன்னதில்லை. அவள் வீட்டில் குசினிக்கு ஒரு வாளி, குளிக்க ஒரு வாளி, கால் கழுவ ஒரு வாளி. மாறி எடுத்தால், புருஷன் முபாறக் என்றும் பாராமல் பறித்துத் தண்ணீரைக் கவிழ்த்துவிடுவாள்.

இந்தக் குணம் பிறவியில் வந்ததல்ல. தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து முஸ்லிம்கள் எல்லோரையும் வெளியேறச் சொன்னபோது, பதினேழு வயதில் வள்ளமேறி வந்து கல்பிட்டிக் கரையில் இறங்கியவள் அவள். முகாமில் எண்பது குடும்பத்துக்கு நாலு கக்கூஸ். மாரிமழைக்கு அவை நிரம்பி வழிந்து, ஓலைக்கொட்டிலுக்குள் படுத்திருந்த பாய்க்கு அடியிலேயே வந்துவிடும். அன்று மூக்கில் ஏறிய நாற்றம் பிறகு இறங்கவேயில்லை. யுத்தம் முடிந்ததும் ஊருக்குத் திரும்பியவர்களோடு அவளும் போய் ஒரு மாதம் இருந்து பார்த்தாள். மனம் ஒட்டவில்லை. எத்தாளைக்கே வந்துவிட்டாள்.

எத்தாளையில் அவளுக்கு ஆகாத ஒன்றே ஒன்று, பக்கத்து வளவு யோசேப்பின் நாய். யோசேப்பு சண்டைக் காலத்தில் முல்லைத்தீவிலிருந்து வந்து குடியேறிய கடற்தொழிலாளி. மனைவி இல்லை. மகள் குவைத்தில். நாய்க்குச் சூட்டி என்று பேர் வைத்திருந்தார். சிங்களத்தில் அதற்குச் சின்னது என்று அர்த்தம். அதுவோ கன்றுக்குட்டி அளவு நின்றது. செத்த மீன், சாணி, பிள்ளைகளின் பம்பர்ஸ், எதையும் விடாது. தின்றுவிட்டு வேலியருகே வந்து வாயை நக்கிக்கொண்டு அவளையே பார்க்கும். நாயின் எச்சில் பட்டால் ஏழு தரம், அதில் ஒரு தரம் மண்ணோடு, கழுவ வேண்டும் என்பது மார்க்கம். பளீலாவுக்கு அதன் பார்வை பட்டாலே கழுவ வேண்டும்போல இருக்கும்.

2016ஆம் ஆண்டு மே மாதம் யோசேப்பு கண்ணில் புரை எடுக்கப் புத்தளம் ஆஸ்பத்திரிக்குப் போனார். போகும்போது, "நாய்க்கு ஏதும் மீன்தலை கீன்தலை எறிஞ்சுவிடு" என்று முபாறக்கிடம் சொல்லிவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் காலை, முபாறக் ஓட்டோவை எடுத்துக்கொண்டு பாலாவிக்குப் போன பிறகு, வேலிப்பக்கம் ஒரு முனகல் கேட்டது. பளீலா எட்டிப் பார்த்தாள். சூட்டி முதுகை வளைத்துக் குந்தியபடி முக்கிக்கொண்டிருந்தது. முன்னால் மஞ்சள் நுரையாகக் கக்கிய சத்தி. பின்னால், வாலுக்குக் கீழே, ஒரு முழ நீளத்துக்கு நைலோன் தங்கூசி வலை தொங்கியது. வலைக்கண்ணுக்குக் கண் பீ அப்பிக் கிடக்க, இலையான் மொய்த்தது. வலையின் நுனி முள்ளுக்கம்பியில் மாட்டியிருந்தது. நாய் அசைந்தால் வலை இழுபடும். வலை இழுபட்டால் நாய் கத்தும்.

பளீலா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஓடிப்போய்க் குப்பைக்குழியில் ஓங்காளித்தாள்.

அவ்வழியாகச் சைக்கிளில் போன கருவாட்டு வியாபாரி ஜபார் இறங்கி வந்து பார்த்தான்.

"இதுக்கென்ன லாத்தா, தடியில சுத்தி ஒரு இழுவை இழுத்தா வந்துரும்."

"தொடாத தம்பி! உள்ள எவ்வளவு இரிக்கெண்டு உனக்குத் தெரியுமா?"

ஏன் தடுத்தாள் என்று அவளுக்கே தெரியாது. அவன் தடியை நீட்டியதும் நாய் கத்திய கத்தல் பொறுக்கவில்லை, அவ்வளவுதான். அவள் யோசேப்புக்குப் போனில் கோல் எடுத்துச் சொன்னாள்.

"ஐயோ தங்கச்சி, குசினி யன்னல்ல அதுக்கு ஊசி போட்ட அட்டை செருகி இருக்கு. அதில டொக்டரின்ர நம்பர் கிடக்கு."

யோசேப்பின் குசினிக்குள் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு போனாள். சட்டிக்குள் மூன்று நாள் பழைய குழம்பு, பூஞ்சணம் பூத்துக் கிடந்தது. அட்டையை இரண்டு விரலால் உருவிக்கொண்டு வெளியே வந்துதான் மூச்சு விட்டாள்.

அட்டையிலிருந்த நம்பருக்கு எடுத்தாள். மிருக வைத்தியர் ஓர் இளம் பெண். தமிழை நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

"இழுக்க வேணாம் அம்மா. கொஞ்சமும் இழுக்க வேணாம். குடல் அறுந்திரும். சத்தி எடுக்க உப்புத்தண்ணி, எண்ணெய் ஒண்டும் பருக்க வேணாம். சாப்பாடும் வேணாம். கம்பில மாட்டினத கத்தரிக்கோலால வெட்டுங்க. வெளியில நாலு விரல் நீளம் விடணும். இப்பவே கொண்டு வாங்க."

பளீலா ஜபாரைப் பார்த்தாள். ஜபார் சைக்கிளைப் பார்த்தான்.

"நாய் பட்டா என்ட சாரம் நஜீஸாப் போயிரும் லாத்தா, தொழ ஏலாது. வேணுமெண்டா கழுத்துக் கயித்தைப் புடிக்கிறேன். நாய்க்குத் தண்ணி குடுத்தவங்களுக்கே சுவர்க்கம் கிடைச்சதாமே, நீங்க வெட்டுங்க."

"தண்ணிதானே குடுத்தாங்க? இதையா புடிச்சாங்க?" என்று எரிந்து விழுந்தாள் பளீலா.

இறால் வெட்டும் கத்தரிக்கோலை எடுத்து வந்தாள். வலது கை கத்தரிக்கோலுக்கு. வலை இழுபடாமல் பிடிக்க இடது கை வேண்டும். கையில் பொலித்தீன் சொப்பின் பையை மாட்டிக்கொண்டு பிடித்தாள். பையினூடாகச் சூடும் வழுவழுப்பும் தெரிந்தன. தங்கூசி சுலபத்தில் வெட்டுப்படவில்லை. நாலு தரம் நறுக்க வேண்டியிருந்தது. நாலாவது தரத்தில் பை கிழிந்து, உள்ளங்கையில் ஈரமாக ஏதோ இறங்கியது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கண் மூடிய வேளையில் நாய் தலையைத் திருப்பி அவள் முழங்கையை நீளமாக நக்கியது.

"சீ! சனியனே!" என்று கத்தினாளே தவிர, வலையை விடவில்லை.

கோல் எடுத்துச் சொன்னதும் முபாறக் திரும்பி வந்தான். ஓட்டோவின் பின்சீட்டில் உரப்பைகளை விரித்து நாயைக் கிடத்தினார்கள். அது ஆடி விழாமல் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். ஜபார் அதற்குள் போய்விட்டான். பளீலாவே ஏறினாள். பாலாவிச் சந்தி வருமுன் சூட்டி அவள் மடியிலேயே சத்தி எடுத்தது. அழுகிய மீனும் பித்தமும் கலந்த அந்த வாடையோடு புத்தளம் போய்ச் சேரும் மட்டும் ஓட்டோவுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டே போனாள்.

சத்திரசிகிச்சை முடிய இரண்டு மணித்தியாலம் ஆனது. டொக்டர் ஒரு தட்டைக் கொண்டுவந்து காட்டினார். இரண்டு கையையும் விரித்த ஒரு பாக நீளத்துக்கு வலை. உள்ளே குடல் பாவாடை நாடாவில் சுருக்கிய துணிபோலச் சுருங்கிக் கிடந்ததாம். இழுத்திருந்தால் வாள்போல அறுத்திருக்குமாம். பளீலா தட்டைக் குனிந்து பார்த்தாள். வலைக்கண்களில் நாலைந்து சூடைமீன் தலைகள் இன்னும் சிக்கியிருந்தன.

அவள் நிமிர்ந்து புருஷனைப் பார்த்தாள். முபாறக் நிலத்தைப் பார்த்தான்.

"தலையைக் கழட்டாம வலையோட எறிஞ்சீங்களா?"

"கரையில கிழிசல் வலையோடதான் கிடந்திச்சு. கழட்ட நேரமில்ல பளீலா. கை நாறுமே எண்டு..."

"கை நாறுமா!" என்றாள். வெளியே போய் வடிகானோரமாக இரண்டாம் தரம் சத்தி எடுத்தாள். மடியில் கிடந்த நாயின் அழுக்கைவிட அந்த ஒரு வார்த்தைதான் அவளுக்கு அரியண்டமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து மண்ணால் ஒரு தரமும் தண்ணீரால் ஆறு தரமும் கழுவினாள். பிறகும் சவர்க்காரம் கரையும் மட்டும் தேய்த்தாள். ஓட்டோவை முபாறக்கைக் கொண்டே கழுவுவித்தாள். அடுத்த நாள் இடியப்ப உரலில் மாவை வைத்து அழுத்தினால், அந்த வலைபோலவே வெள்ளை வெள்ளையாக நூல் இறங்கியது. உரலைப் போட்டுவிட்டு எழும்பிவிட்டாள். பன்னிரண்டு நாள் கடைகளுக்குப் பிட்டுத்தான் போனது. நாய்க்குக் கஞ்சி வைப்பது, மருந்து கொடுப்பது, தையலைத் துடைப்பது எல்லாம் முபாறக்கின் தலையில். அவள் அந்தப் பக்கம் தலைவைத்தும் பார்க்கவில்லை.

நாலு நாள் கழித்து யோசேப்பு கறுப்புக் கண்ணாடியோடு வந்து இறங்கினார். சூட்டி மெல்ல எழுந்து போய் அவர் காலில் சாய்ந்தது. முபாறக் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னான்.

"என்ட பிழைதான் அண்ணன். வலையோட எறிஞ்சது நான்தான்."

யோசேப்பு குனிந்து நாயின் தலையைத் தடவினார்.

"உன்னை மட்டும் சொல்லி என்ன முபாறக்? நானும் எத்தினை தரம் அப்பிடி எறிஞ்சிருக்கிறன்."

குசினி வாசலில் நின்ற பளீலாவுக்கு இதைக் கேட்டதும் கோபம் உச்சியில் ஏறியது.

"சீ! நீங்களும் மனுசரா? அது வாயில்லாச் சீவன், பசிச்சாத் தின்னும். நீங்க ரெண்டு பேரும் என்னத்தைத் திண்டுட்டு இத எறியிறீங்க?"

பின்னேரம் வெயில் தாழ, இரண்டு பேரும் வேலியோரமாகக் குனிந்து கிழிந்த வலைத்துண்டுகளைப் பொறுக்கி உரப்பைக்குள் போட்டார்கள். பளீலா கிணற்றடியில் மூக்கை மூடிக்கொண்டு நின்று, "அந்தா, வாழைக்குக் கீழ. அங்கால, தகரத்துக்குப் பின்னால" என்று காட்டிக்கொண்டிருந்தாள்.