நோகாமல் கழட்டும் கை

கிழக்கு லண்டனில், பார்க்கிங் என்ற ஊரில், சனிக்கிழமை காலைகளில் நடக்கும் விங் சுன் குங்ஃபூ வகுப்பில்தான் அவரைச் சந்தித்தேன். முதியோர் இல்லமொன்றில் வேலை செய்பவர். குள்ளமான, நரை தொடங்கிய பெண்மணி.

மணிக்கட்டை யாராவது பிடித்தால், கையை விடுவித்து உடனே நெஞ்சில் குத்த வேண்டும் என்பது பாடம். அவர் விடுவிப்பதோடு நின்றுவிடுவார். பிறகு பிடித்தவரின் கையைத் தடவி, "நொந்ததோ?" என்று கேட்பார்.

"நீங்கள் ஏன் குத்திறேல்லை?" என்று ஒருநாள் கேட்டேன்.

"என்னைப் பிடிக்கிற ஆக்களுக்கு எண்பது, தொண்ணூறு வயது, அண்ணை. மறதி வருத்தம். பயத்திலை இறுக்கிப் பிடிச்சிடுவினம். போன மாசம் நான் கையை இழுக்க, ஒரு அம்மாவுக்குத் தோல் உரிஞ்சு போச்சு. அதாலைதான் இஞ்சை வந்தனான்."

சட்டென்று என் மணிக்கட்டைப் பற்றினார். "எனக்கு நோகாமல் கழட்டுங்கோ பாப்பம்."

மூன்று வருடம் குங்ஃபூ பழகியவன் நான். இழுத்தேன், முறுக்கினேன். ஒவ்வொரு முறையும் அவர் முகம் சுளித்தார்.

"பரவாயில்லை அண்ணை, திருப்பிச் செய்யுங்கோ" என்று சிரித்தார்.

அன்று வகுப்பு முடியும்வரை நாங்கள் இருவரும் அதை மட்டுமே பழகினோம். கடைசிவரை எனக்கு அது வரவில்லை.