இஜ்ஜாவின் சைக்கிளும் பிஹியின் மோட்டாரும்

தாரூதாந்த் ஊரின் கோட்டை வாசலைத் தாண்டிவிட்டால் இஜ்ஜாவை யாரும் கூப்பிட முடியாது. ஆரஞ்சுத் தோப்புகளுக்கு நடுவே அரை மணி நேரம் சைக்கிள் தானாகவே போவதுபோல் போகும். பூ வாசனை, மூடுபனி, தூரத்தில் மலைமேல் பனி. அவள் போர்த்திய நீலத் துணி காற்றில் உப்பும். வீட்டில் மூன்று பெண் பிள்ளைகள், வேலை பார்க்கும் கொட்டகையில் அடுக்கப் பெட்டி பெட்டியாக ஆரஞ்சு. இரண்டுக்கும் நடுவில் இந்தப் பாதையில் மட்டும் அவள் யாருக்கும் எதுவும் இல்லை. இருபத்திரண்டு வருடங்களாக அவள் கண்ட கனவெல்லாம் பெடல்மேல் கண்டதுதான்.

புருஷன் பிஹி பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கினான். அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பான். தண்ணீர் எடுக்கவும் மோட்டாரில்தான் போனான். கெட்டவன் இல்லை, காபிக் கடையில் கேட்டதையெல்லாம் வேதம் என்று நம்புகிறவன்.

"இனி நீ என் பின்னால உக்காந்து வா. சைக்கிள விக்க, பழைய சாமான் வாங்குற பூஜ்மாகிட்ட பேசிட்டேன். ஞாயித்துக்கிழமை சந்தையில வாங்கிக்கிறானாம்."

இஜ்ஜா சைக்கிளைத் துடைக்கப் போனாள்.

ஞாயிறு காலை அவன் மோட்டாரில், அவள் சைக்கிளில். கடைசிப் பயணம் என்பதால் மெதுவாக மிதித்தாள். பாதி வழியில் மோட்டாரின் பின்சக்கரம் தரையோடு அமுங்கியது. பிஹி விரலில் எச்சில் தொட்டு வால்வின்மேல் வைத்தான். குமிழி குமிழியாக வந்தது.

"வால்வுக்குள்ள காத்த அடைக்கிற ஊசி போச்சு. போச்சு போ, பூஜ்மா மத்தியானம் வரைக்கும்தான் இருப்பான்."

இஜ்ஜா தன் சைக்கிள் வால்வின் தகர மூடியைக் கழற்றித் தலைகீழாகத் திருப்பினாள். அதன் பிளவு முனையால் தன் சைக்கிளின் ஊசியைத் திருகி எடுத்தாள். புஸ்ஸென்று காற்றுப் போனது.

"அது சைக்கிளுதுடி! மோட்டாருக்கு எப்படிச் சேரும்?"

"எல்லாம் ஒரே மரைதான். காத்துக்குச் சைக்கிள் தெரியுமா, மோட்டார் தெரியுமா? பம்ப எடு."

மோட்டாரின் பழைய ஊசியைக் கழற்றிய இடத்தில் அது கச்சிதமாக உட்கார்ந்தது. அவன் வியர்க்க வியர்க்க அடித்தான். சக்கரம் நிமிர்ந்தது. எச்சில் வைத்துப் பார்த்தான், ஒரு குமிழி இல்லை.

"சந்தைக்குப் போய் என் சைக்கிளுக்கு ஒரு ஊசி வாங்கிட்டு வா," என்றாள்.

அவன் போனதும் தோப்பின் ஓரத்தில் படுத்தாள். ஆரஞ்சுப் பூக்கள் முகத்தில் விழுந்தன. தேனீக்களின் ரீங்காரத்தில் தூங்கினாளா விழித்திருந்தாளா என்று அவளுக்கே தெரியவில்லை. சைக்கிள் சக்கரமில்லாமல் தோப்புக்குமேல் மிதந்து போவதைப் பார்த்தாள். பின்னாலேயே ஓட அவளால் முடியவில்லை.

மோட்டார் சத்தத்தில் எழுந்தாள். பிஹி உள்ளங்கையை விரித்தான். புது ஊசிகள் இரண்டு.

"ரெண்டு எதுக்கு?"

"ஒண்ணு உனக்கு. இன்னொண்ணு உன் பையில கெடக்கட்டும். பூஜ்மாகிட்ட, விக்கல போய்யான்னுட்டேன். நாளைக்கு மறுபடி இது மக்கர் பண்ணா நீ பக்கத்துல வேணுமே, லல்லா, என் சீமாட்டியே."

இஜ்ஜாவுக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆனாலும் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள்.

"உன் மோட்டாருக்காகன்னா வேணாம். இப்பவே கொண்டுபோய் வித்துடு. எனக்காகன்னு சொல்லு."

பிஹி சாலையைப் பார்த்தான், மலையைப் பார்த்தான். அப்புறம் குந்தி உட்கார்ந்து அவள் சக்கரத்தில் ஊசியைத் திருகத் தொடங்கினான்.

"உனக்காகத்தான்," என்றான் நிமிராமல்.