ஏழாவது ஓட்டை

வட்டத் துளை உளியைப் பென்சில் குறியின் மேல் நிறுத்தி, மரச் சுத்தியலால் ஒரே போடு. அட்டையில் ஓட்டை விழுந்தது. வெட்டுப்பட்ட வில்லை எகிறிப் போய் மேஜைக்கு அடியில் விழுந்தது. அட்டை அக்கா குனிந்துகூடப் பார்க்கவில்லை. அடுத்த குறி, அடுத்த போடு. ஆல்பத்துக்கு இரண்டு வரிசை, வரிசைக்கு ஏழு ஓட்டை. பழைய நாணயம் விற்கும் காசுக்கடையிலிருந்து ஐம்பது நாணய ஆல்பத்துக்கு ஆர்டர் வந்திருந்தது, நாளைக்குள் கொடுத்தாக வேண்டும்.

அட்டை அக்கா என்பது தெரு வைத்த பெயர். மருந்துப் பெட்டி, செருப்புப் பெட்டி, கோப்பு உறை என்று வாழ்நாள் முழுவதும் அட்டையோடு மல்லுக்கட்டியவள். புருஷன் போன பிறகும் அட்டை போகவில்லை. நாணய ஆல்பம் செய்வது சமீபத்திய வேலைதான். நாணயத்தின் மேல் அவளுக்கு ஒரு மோகமும் கிடையாது. காசைச் செலவழிக்கத் தெரியாதவர்கள்தான் அதை அட்டையில் குத்தி வைக்கிறார்கள் என்பது அவள் கட்சி.

அதே மேஜையின் மறுகோடியில் அவள் தம்பி உட்கார்ந்திருந்தான். இரண்டு தெரு தள்ளி சலூன் வைத்திருந்தவன். பக்கவாதம் வந்து வலது கை துவண்டுபோனதும் சலூனின் ஷட்டரை இறக்கிவிட்டு அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தான். விரல்கள் மெல்ல அசையத் தொடங்கியதும், அழுத்திப் பழக ஆஸ்பத்திரியில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்தார்கள். "நான் என்ன நாய்க்குட்டியா, பந்தை வச்சு விளையாட?" என்று அதை மூலையில் உருட்டிவிட்டான். அக்கா மல்லுக்கு நிற்கவில்லை. மாதிரிக்கு வைத்திருந்த ஒரு ஆல்பத்தையும் ஒரு பிடி படகுக் காசையும் அவன் முன்னால் கொட்டினாள். கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் காசை எடுக்க வேண்டும், ஆண்டைப் பார்த்துத் திருப்ப வேண்டும், அந்த ஆண்டுக்கான ஓட்டையில் வைத்து அழுத்த வேண்டும். கை பிழைக்க இதைவிட நல்ல வேலை வேறு இல்லை.

படகுக் காசு என்பது ஒரு காலத்தில் சில்லறையிலேயே கடைசிச் சில்லறை. பின்பக்கம் ஒரு பாய்மரப் படகு இருக்கும். வெள்ளியும் இல்லை, அபூர்வமும் இல்லை. புழக்கத்திலிருந்து எடுத்த பிறகு காசுக்கடை வாசலில் தகர டப்பாவில் கிடந்தது, அள்ளிக்கொண்டு போகலாம். ஆல்பம் வந்த பிறகுதான் அதற்கு மவுசு. படம் பார்க்க நன்றாக இருக்கிறது, விலை கையைக் கடிக்காது, மொத்தம் பதினாலே ஓட்டை. பார்த்தவுடனே முடித்துவிடலாம் என்று தோன்றும். பதின்மூன்று சீக்கிரம் நிறைந்துவிடும். முதல் வரிசையின் கடைசி, ஏழில் முடியும் ஆண்டு மட்டும் யாருக்கும் சிக்கவில்லை. அந்த வருடத்துக் காசு கப்பலோடு மூழ்கிவிட்டது என்றார் ஒருவர். உருக்கிப் பீரங்கி செய்தார்கள் என்றார் இன்னொருவர். தகர டப்பாவில் கிடந்ததெல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது.

தம்பியின் ஆல்பத்திலும் அந்த ஒரு ஓட்டைதான் பாக்கி.

"கத்தரிய எடுத்துப் பாரேன்டா. விரல்தான் நல்லா வருதே" என்றாள் அக்கா, சுத்தியலை நிறுத்தாமல்.

"அந்த ஏழு வரட்டும். ஆல்பம் நெறஞ்ச அன்னைக்கு ஷட்டரத் தூக்குறேன். எனக்கு நானே வச்சிருக்கிற பந்தயம்."

"பந்தயமாம். காசே வரலன்னா?"

"வராம எங்க போகும்? நீயே ஓட்டை போட்டு வச்சிருக்க."

படுத்து எழுந்தவர்களின் கை ஒரு கட்டம் வரைக்கும்தான் காத்திருக்கும். அதற்குள் பழைய வேலைக்குத் திரும்பாவிட்டால் இருப்பதோடு நின்றுவிடும். அக்காவுக்கு இதை யாரும் இரண்டாம் முறை சொல்லத் தேவையில்லை. அந்த ஏழை எங்கிருந்தாவது வாங்கிவிடுவது என்று முடிவு செய்தாள். வேலை முடிந்த ஆல்பம் ஒன்றை மாதிரிக்குப் பையில் போட்டுக்கொண்டு சாயங்காலம் காசுக்கடைக்குக் கிளம்பினாள்.

கடையில் தடிமனான கண்ணாடி போட்ட ஒரு ஓய்வுபெற்ற மனிதர் பூதக்கண்ணாடியும் கையுமாக நின்றுகொண்டிருந்தார்.

"ஏழு வந்துச்சா?"

"வந்துடும் சார். சொல்லி வச்சிருக்கேன்" என்றார் காசுக்கடைக்காரர்.

"அவசரமில்லப்பா" என்று அவர் சிரித்தார். "கிடைச்சிட்டா சாயங்காலம் நான் எங்க போறது? வீட்ல காய் நறுக்கச் சொல்லிடுவா." ஒன்றும் வாங்காமல் சந்தோஷமாகப் படியிறங்கினார்.

அக்கா மாதிரியை மேஜையில் வைத்தாள். "எனக்கும் ஒரு ஏழு வேணும். தம்பிக்கு. என்ன விலை ஆனாலும் சரி, இதோட கூலியில கழிச்சுக்குங்க."

காசுக்கடைக்காரர் ஆல்பத்தைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். வாசலை ஒருமுறை பார்த்துவிட்டு, "உங்ககிட்ட மறைக்கக் கூடாதுக்கா. அந்தக் காசு இல்ல" என்றார்.

"இல்லன்னா? தீந்துபோச்சா?"

"அடிக்கவே இல்ல. அந்த ஒரு வருஷம் படகுக் காசு அடிக்கல. நான் முதல் வருஷமும் கடைசி வருஷமும் மட்டும் சொன்னேன், நீங்க நடுவுல வரிசையா எண்ணிப் பதினாலு போட்டுட்டீங்க. முதல் நூறு வித்த பிறகுதான் எனக்கே உறைச்சுது."

"உறைச்சப்ப வாய்ல என்ன, கொழுக்கட்டையா?"

"சொல்லத்தான் நினைச்சேன். ஆனா ஜனம் ஏழு ஏழுன்னு வர ஆரம்பிச்சுட்டாங்க. வந்தவங்க வெறுங்கையோட போறதில்ல, வேற ஒண்ணு வாங்கிட்டுப் போறாங்க. முழுசா நெறஞ்ச ஆல்பத்தப் பரண்ல போட்டுடுவாங்கக்கா. ஒண்ணு குறைஞ்சாத்தான் தினம் திறந்து பாப்பாங்க. இதுலயும் அந்த ஓட்டைய அப்படியே விட்டுடுங்க."

"கப்பல் மூழ்குனது?"

"அது நான் சொல்லல. அவங்களாக் கட்டினது."

"நீங்க மறுக்கவும் இல்ல" என்று மாதிரியை எடுத்துத் திரும்பவும் பையில் போட்டுக்கொண்டாள். "என் கையால செஞ்ச பொருள் பொய் சொல்லக் கூடாது. சரி பண்ணி அனுப்புறேன். வேணும்னா வாங்கிக்குங்க, வேணாம்னா செருப்புப் பெட்டிக்கு அட்டை ஆச்சு."

திரும்பி வரும் வழியில் அவளுக்குக் கோபம் காசுக்கடைக்காரர் மேல் இல்லை. கண்ணாடிக்காரரின் சிரிப்புதான் மனதில் ஓடியது. கிடைக்காத காசு அவருக்கு எவ்வளவு வசதியாக இருக்கிறது! தம்பிக்கும் அதே வசதிதான். ஓட்டை காலியாக இருக்கும்வரை அவன் கத்தரியைத் தொட வேண்டாம். தொடாத வரை, கை வரவில்லை என்று தெரியவும் வேண்டாம். பயந்தாங்கொள்ளி, பந்தயம் என்று பெயர் வைத்திருக்கிறான்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள். "ஏழுன்னு ஒரு காசே கிடையாதுடா. நான் தப்பா எண்ணி ஒரு ஓட்டை அதிகமாப் போட்டுட்டேன்."

தம்பி ஆல்பத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "ஊரே தேடுதே?"

"ஊருக்கு வேலை இல்ல. உனக்கு இருக்கு. இருக்கிற காசெல்லாம் வந்தாச்சு. உன் பந்தயப்படி ஆல்பம் நெறஞ்சு போச்சு."

அவன் வலது கையை இடது கையால் மூடி மடியில் வைத்துக்கொண்டான். "கை நடுங்குனா? வாடிக்கைக்காரன் காது போயிடும்க்கா" என்றான்.

"காதுகிட்ட யாருடா இப்பவே போகச் சொன்னது? சாப்பிட வா" என்றாள்.

மறுநாள் காலை அக்கா ஒரு தாளில் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் "இந்த ஆண்டு காசு அடிக்கப்படவில்லை" என்று எழுதி வைத்தாள். ஆல்பத்துக்கு ஒன்றாக வெட்டி ஏழாவது ஓட்டையின் மேல் ஒட்ட வேண்டும். தம்பியின் பெட்டியிலிருந்து சலூன் கத்தரியை எடுத்துத் தாளில் வைத்தாள்.

"ஏய் ஏய்! முடி வெட்டுற கத்தரியில பேப்பர வெட்டுறியா? முனை செத்துப் போயிடும்!"

"எனக்கென்ன தெரியும், கத்தரின்னா கத்தரிதான்."

அவன் இடது கையால் அதைப் பிடுங்கி, துணியில் துடைத்து, உறைக்குள் பத்திரமாகப் போட்டான். பிறகு அவளுடைய பழைய அட்டைக் கத்தரியை இழுத்தான். கட்டைவிரல் வளையத்துக்குள் முதல் தடவை நுழையவில்லை. இடது கையால் நுழைத்துவிட்டான். கத்தரியின் வாய் திறந்தது, மூடியது, தாள் கசங்கியது. மறுபடி. கோட்டை விட்டு வெளியே போய், வளைந்து, ஒருவழியாக ஒரு கட்டம் கழன்று விழுந்தது. ஒரு பக்கம் அகலம், ஒரு பக்கம் ஒடுக்கம்.

"இத எவன் வாங்குவான்?" என்றான்.

"இது விக்கிறதுக்கில்ல" என்று அவள் அதை எடுத்து அவனுடைய ஆல்பத்திலேயே ஒட்டினாள். விளிம்பை விரலால் நீவிவிட்டு, மீதித் தாளை அவன் பக்கம் தள்ளினாள். "இன்னும் ஐம்பது இருக்கு. கோட்டுல போ."

அவன் முனகிக்கொண்டே அடுத்ததை வெட்டத் தொடங்கினான். அவள் பசை கிண்டப் போனாள்.