ஸல்ஹா கண்ட கடல்

அபூதாஹிர் வீட்டில் அந்தக் கிழமை ஒருவராலும் நிம்மதியாகக் கண்விழிக்க ஏலவில்லை. கொட்டாவி விட்டு முடிய முதலே குசினிக்குள் இருந்து கேள்வி வரும்.

"என்ன கண்டாய்?"

கேட்பது சுஹைரா. பதில் சொல்லவேண்டியது மகள் ஸல்ஹா. ஏ.எல். பரீட்சைப் பெறுபேறு வந்திருந்தது. இஸ்லாத்தில் ஏ, தமிழில் பி. மூன்றாவது பாடத்தைப் பற்றி அந்த வீட்டில் யாரும் கதைப்பதில்லை. மார்க்கம் படிக்கவேண்டும், படித்ததைப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கவேண்டும் என்பதுதான் அவளுடைய எண்ணம். இதைக் கேட்டுக் கிண்ணியாவில் பாதிப்பேர் சிரித்தார்கள். மற்றப் பாதிக்கு இன்னும் செய்தி போய்ச் சேரவில்லை.

சிரித்தவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஓதப்பள்ளியில் மௌலவியின் செருப்பில் ஒன்றை மட்டும் ஒளித்துவைத்த பிள்ளை அவள். இரண்டையும் எடுத்தால் களவு, ஒன்றை எடுத்தால் பகிடி என்பது அவளுடைய சட்டம். நோன்பு காலத்தில் தம்பி ஸஜ்ஜாத்தின் காதுக்குப் பக்கத்தில் போனில் நோன்பு திறக்கிற பாங்கை ஓடவிட்டு, அவன் பேரீச்சம்பழத்தை வாய்க்குக் கொண்டுபோன கடைசி நேரத்தில் பாய்ந்து கையைப் பிடித்ததும் அவள்தான். "நோன்பை முறிக்கவிட்டனா? இல்லைதானே?" என்று அதற்கும் ஒரு நியாயம் வைத்திருந்தாள்.

அதே ஓதப்பள்ளியில் சின்னப் பிள்ளைகளைப் பார்த்த மௌலவியா பிள்ளைப்பேற்றுக்குப் போனபோது, வேறு ஆள் கிடைக்காமல் ஸல்ஹாவைக் கூப்பிட்டார்கள். பின்னேரத்தில் மட்டும், கொஞ்ச நாளைக்கு என்றுதான் கதை. அவள் போய் உட்கார்ந்த மூன்றாம் நாள், இஹ்ஸான் என்ற ஆறு வயசுக்காரன் எழும்பி நின்றான்.

"டீச்சர், மீன் எப்பவும் தண்ணிக்குள்ளதானே. அது எப்ப ஒழுச் செய்யும்?"

தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவுகிற ஒழுவைப் பற்றி அவள் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியிருந்தாள். அதில் எங்கும் மீன் இல்லை. சும்மா இரு என்று சொல்லியிருக்கலாம். "தேடிப் பாத்திட்டு வந்து சொல்றன்" என்று சொன்னாள். அன்றைக்குப் பிடித்ததுதான் இந்தப் படிக்கிற தவிப்பு.

படிப்பது சரி, எங்கே படிப்பது? உம்மாவுக்கு ஊருக்குள்ளேயே இருக்கிற பெண்கள் அறபுக் கல்லூரிதான் சரி. "நல்ல பிள்ளைகள், நல்ல மதில். சோத்தை நானே கொண்டுவந்து தருவன்." வாப்பா அபூதாஹிர் கரையில் மீன் எடுத்து, மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டி, கிளிவெட்டிப் பக்கம் விற்கிற ஆள். அவருக்கு அட்டாளைச்சேனைக் கல்வியியற் கல்லூரி. "படிப்பிக்கப் பழக்கி விடுவாங்க மகள். முடிச்சு வெளிய வரேக்க ஒரு பள்ளிக்கூடமும் கையில இருக்கும்." ஒலுவிலில் கடலுக்குப் பக்கத்தில் பல்கலைக்கழகம் இருக்கிறது, உன்னுடைய புள்ளிக்குக் கிடைத்தாலும் கிடைக்கும் என்று பள்ளிக்கூடத்தில் படிப்பித்த சேர் வேறு சொல்லிவைத்திருந்தார்.

ஸல்ஹா காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிண்ணியாப் பாலத்துக்குப் போவாள். பாலத்தின் நடுவில், காற்று முக்காட்டைப் பிடித்து இழுக்கும்போது, அட்டாளைச்சேனைதான் என்று தீர்மானமாகும். திரும்பி இறங்கும்போது அது ஒலுவிலாக மாறும். வீட்டு வாசலில் உம்மாவின் முகத்தைக் கண்டதும் அறபுக் கல்லூரி. சாப்பிட உட்கார்ந்தால் மறுபடி பாலத்துக்குப் போகவேண்டும்போல இருக்கும். கல்வியியற் கல்லூரி விண்ணப்பமோ வெள்ளிக்கிழமையோடு முடிகிறது.

"இஸ்திகாரா தொழு," என்று உம்மா முடித்துவிட்டாள்.

இரண்டு ரகஅத் தொழுது, இந்தக் காரியம் எனக்கு நல்லதென்றால் இலேசாக்கித் தா, கெட்டதென்றால் என்னைவிட்டுத் திருப்பிவிடு என்று அல்லாஹ்விடம் கேட்பதுதான் இஸ்திகாரா. கனவு வந்தாகவேண்டும் என்று அதில் இல்லை. ஆனால் அவர்களுடைய தெருவில் இஸ்திகாரா என்றால் கனவுதான். கலியாணம், கடை, வெளிநாடு எல்லாம் கனவில் பாசாகித்தான் வெளியே வரும். பச்சையும் வெள்ளையும் கண்டால் போகலாம். கறுப்பும் சிவப்பும் கண்டால் அசையக்கூடாது.

முதல் நாள் ஸல்ஹா ஒன்றும் காணவில்லை. அடுத்த நாள் கண்டாள்.

"இறைச்சியில்லாத புரியாணி உம்மா."

சுஹைரா கரண்டியோடு நின்று யோசித்தாள். "இது எந்தக் கல்லூரி?"

"ஹொஸ்டல் சாப்பாடு," என்றான் ஸஜ்ஜாத். "மூண்டுக்கும் பொருந்தும்."

இனி மகளை நம்பிப் பயனில்லை என்று சுஹைரா தானே தொழுதுவிட்டுப் படுத்தாள். விடிந்ததும் சொன்னாள்: வெள்ளை உடுப்புப் பிள்ளைகள், ஒரு கிணற்றடி, எல்லோரும் ஒழுச் செய்கிறார்கள். ஊர் அறபுக் கல்லூரி வாசலில் கிணறு இருப்பது தெருவுக்கே தெரியும். அபூதாஹிர் தேத்தண்ணியை உறிஞ்சிவிட்டு, "எனக்கும் ஒரு மணிச்சத்தம் கேட்டது. பள்ளிக்கூட மணி மாதிரி," என்றார். கல்வியியற் கல்லூரி என்று அவர் வாயால் சொல்லவில்லை. மீசைதான் சொன்னது.

திங்கட்கிழமை காலையில் பக்கத்து வீட்டு றிஷானா சாச்சி இரண்டு செத்தல் மிளகாய் கேட்டு வந்தாள். மிளகாயை வாங்கிக்கொண்டு கதிரையில் உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்தால் தெருவே உட்கார்ந்த மாதிரி.

"என்ன புள்ள, இன்னும் ஒண்டும் காணலயா? ஒழுங்காத் தொழுதனியா?"

உம்மா தேங்காய் துருவுகிறாள். வாப்பா போனில் பாதி நிரப்பின விண்ணப்பத்தோடு நிற்கிறார். ஸஜ்ஜாத்தோடு நாலு பேரும் ஸல்ஹாவின் வாயையே பார்க்கிறார்கள். நாக்கு தன்பாட்டில் கிளம்பிவிட்டது.

"கண்டன் சாச்சி. பெரிய கட்டடம். பக்கத்தில கடல். சுத்திவரப் பச்சை. நான் ஒரு சின்னப் பிள்ளையின்ர கையைப் பிடிச்சுக்கொண்டு மணல்ல நடந்து போறன். முன்னால ஒரு வெள்ளைக் கொக்கு."

கொக்கு கொஞ்சம் கூடிப்போனது அவளுக்கே தெரிந்தது. யாராவது சிரிப்பார்கள், தானும் சிரித்து முடிக்கலாம் என்று பார்த்தாள். ஸஜ்ஜாத்கூடச் சிரிக்கவில்லை.

"சுப்ஹானல்லாஹ்!" என்றாள் சாச்சி. "ஒலுவில்!"

"கடல் கிண்ணியாவிலயும் இருக்குதானே, சாச்சி?"

"ஒவ்வொரு நாளும் பாக்கிற கடலை அல்லா ஏன் புள்ள கனவில காட்டோணும்?"

சுஹைராவின் கை துருவலையில் அப்படியே நின்றது. அபூதாஹிர் போனைச் சட்டைப் பையில் போட்டார். "சரி. இனிக் கதைக்க ஒண்டும் இல்ல," என்று மீன்பெட்டியைக் கட்டப் போய்விட்டார். விண்ணப்பம் பாதியிலேயே நின்றது.

மத்தியானத்துக்கு முன் தெருவுக்கே கொக்குத் தெரிந்துவிட்டது. முன்னே சிரித்தவர்கள் இப்போது "எங்களுக்கும் துஆச் செய் மகள்" என்றார்கள். உம்மா ஒரு வார்த்தை பேசாமல் அலுமாரிக்கு மேலே கிடந்த பழைய பேக்கை இறக்கி, துடைத்து, வெயிலில் வைத்தாள். அந்தப் பேக்கைக் கடந்து போகும்போதெல்லாம் ஸல்ஹா வேறு பக்கம் பார்த்தாள்.

ஒலுவிலுக்கு ஆசைப்பட்டுச் சொன்ன பொய்யென்றாலும் பரவாயில்லை. அங்கேதான் போகவேண்டுமா என்பதே அவளுக்குத் தெரியாது. அதுவும் இஸ்திகாராவில் பொய். நாளைக்குப் பிள்ளைகளுக்கு இஸ்திகாராப் பாடம் எடுக்கும்போது எந்த முகத்தோடு நிற்பது? உட்கார்ந்தால் எழும்பினாள், எழும்பினால் நடந்தாள். பாலத்துக்குப் போனால் அங்கே உண்மையாகவே கொக்கு நின்றது. திரும்பி வந்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை வாப்பாவிடம் மெல்ல ஆரம்பித்தாள். "வாப்பா, இஸ்திகாராவுக்குக் கனவு கட்டாயம் இல்ல. காரியம் எந்தப் பக்கம் இலேசாகுது எண்டுதான் பாக்கிறது…"

"அது கனவு காணாத ஆக்களுக்கு மகள்," என்று அவர் மோட்டார் சைக்கிளை உதைத்தார்.

புதன்கிழமை அஸர்த் தொழுகைக்குப் பிறகு ஓதப்பள்ளி. பாடமாக்கிக்கொண்டு வரச் சொன்ன குர்ஆன் சூறாவைக் கேட்டாள். இஹ்ஸான் எழும்பி, தொப்பியைச் சரிபண்ணினான்.

"பாடமாக்கல்ல டீச்சர்."

"ஏன்?"

"கனவு கண்டனான். ஒரு வெள்ளைக் கொக்கு வந்து, இண்டைக்கு நீ பாடமாக்க வேணாம், போய் விளையாடு எண்டு சொன்னது."

"எனக்கும் கொக்கு வந்தது டீச்சர்," என்றாள் பின்னால் இருந்த ஒருத்தி.

"என்ர கொக்கு பச்சை!"

ஸல்ஹாவுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அடுத்ததாக இஹ்ஸான் கேட்டதில் அது அடங்கிப்போனது.

"உங்கட கொக்குக் காட்டினதை எல்லாரும் கேட்டாங்கதானே டீச்சர்?"

அவன் பகிடிக்குக் கேட்கவில்லை. பாதிக் கள்ளமும் பாதி நம்பிக்கையுமாக நின்றான். பிரம்பு சுவரில் சாய்த்துக் கிடந்தது. அடிப்பதா, அதட்டுவதா, சிரித்து மழுப்புவதா? இஸ்லாத்தில் ஏ எடுத்தவளுக்கு ஒன்றும் ஓடவில்லை. எழும்பி முன்னால் வந்து, அவர்களோடு பாயில் உட்கார்ந்தாள்.

"என்ர கொக்கு பொய்," என்றாள். "நான் ஒண்டும் காணல்ல."

இஹ்ஸான் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான்.

"பொய் சொன்னாப் பாவம்தானே டீச்சர்?"

"ஓம்."

"இப்ப என்ன செய்வீங்க?"

"அல்லாட்ட மன்னிப்புக் கேட்டுத் தௌபாச் செய்யோணும். வீட்ட போய் உண்மையைச் சொல்லோணும்."

"அடி விழுமா?"

"விழலாம்."

இஹ்ஸான் யோசித்தான். "நாங்களும் கூட வரட்டா?"

ஸல்ஹா முக்காட்டை இழுத்து மூக்கைத் துடைத்தாள். வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"டீச்சர், என்ர கொக்கும்…"

"தெரியும்டா."

"சூறாவை நாளைக்குச் சொல்லட்டா?"

"நாளைக்குச் சொல்லு."

வீட்டுக்குப் போய் எப்படித் தொடங்குவது என்று வழி முழுக்கக் கணக்குப் போட்டாள். வீண் வேலை. பிள்ளைகள் அவளுக்கு முதலே ஓடிப்போய்ச் சொல்லிவிட்டிருந்தார்கள். அடுப்பு அணைந்திருந்தது. உம்மா குசினி வாசலில் குந்தியிருந்தாள். வாப்பா கதிரையில்.

"உம்மா…"

"கிணத்தடியும் நான் கட்டினதுதான்," என்றாள் சுஹைரா.

ஸல்ஹாவுக்கு விளங்கவில்லை.

"நானும் ஒண்டும் காணல்ல புள்ள. நீ கிட்ட இருக்கோணும் எண்டு சொன்னன். பிறகு உனக்குக் கடல் வந்ததெண்டு கேட்டதும், நான் சொன்ன பொய்க்கு அல்லா உன்ர கனவில பதில் தந்திட்டான் எண்டு பயந்து போனன். அதாலதான் வாயைப் பொத்திக்கொண்டு பேக்கைத் துடைச்சன்." முந்தானையால் கண்ணை ஒற்றினாள். "நீயும் என்ர மகள்தான்டி."

இருவரும் ஒரே நேரத்தில் வாப்பாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"நான் மணியைக் கேட்டது உண்மை," என்றார் அபூதாஹிர். தொண்டையைச் செருமினார். "கரைக்குப் போக நான் வைக்கிற அலாரமாயும் இருக்கலாம்."

"அப்ப இந்த வீட்டில ஒழுங்காக் கனவு கண்டது புரியாணி ஒண்டுதான்," என்றான் ஸஜ்ஜாத். உம்மா கையில் அகப்பட்ட தும்புத்தடியை அவன் பக்கம் எறிந்தாள். யாருக்கும் படவில்லை.

பிறகு அபூதாஹிர் கேட்டார். அந்தக் கிழமை முழுக்க யாரும் கேட்காத கேள்வி.

"கனவை விடு. நீ எங்க போகோணும் மகள்?"

"மார்க்கத்தில தெரியாததைக் கிதாபைப் பாத்தோ ஆக்களைக் கேட்டோ படிக்கலாம் வாப்பா. இண்டைக்கு அந்தப் பிள்ளை எழும்பிக் கொக்கெண்டு சொல்லேக்க, என்ன செய்யிறதெண்டு எனக்குத் தெரியல்ல. அதைப் பழக்கிற இடத்துக்குப் போகோணும்." சொன்னபிறகுதான் அது தன் எண்ணம் என்றே அவளுக்குத் தெரிந்தது. "ஒலுவிலுக்குப் பிறகும் போய்ப் படிக்கலாம். கடல் எங்கயும் ஓடாது."

"மீன் எப்ப ஒழுச் செய்யும் எண்டு அங்க சொல்லித் தருவாங்களா?" என்று கேட்டாள் சுஹைரா.

"தரமாட்டாங்க உம்மா. கேக்கிற பிள்ளையை எப்பிடி வச்சிருக்கிறது எண்டு தருவாங்க."

சுஹைரா எழும்பிப்போய் அடுப்பை மூட்டினாள். கொஞ்சம் பொறுத்து உள்ளே இருந்து குரல் வந்தது. "அட்டாளைச்சேனைக்கு நேர பஸ் இருக்கா, மாறிப் போகோணுமா?"

அபூதாஹிர் போனை எடுத்தார்.

அடுத்த நாள் விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. இடம் கிடைக்குமா கிடைக்காதா என்ற தவிப்பு அன்றைக்கே தொடங்கியது. அன்றிரவும் ஸல்ஹா இரண்டு ரகஅத் தொழுதாள். முதல் முறையாக, கனவு கேட்காமல் கேட்டாள். பாயைச் சுருட்டும்போது உம்மா சொன்னாள்: "என்ன கண்டாலும் காலையில என்னட்டச் சொல்லாத."

விடிய உண்மையாகவே ஒன்று கண்டாள். கரைத்தண்ணியில் சின்ன மீன்கள் வரிசையாக நின்றன, எல்லாவற்றுக்கும் தொப்பி. கடைசி வரிசையில் நின்ற குஞ்சொன்று முன்னால் நின்றதன் தொப்பியைத் தட்டிவிட்டு, தெரியாத மாதிரி அங்காலே பார்த்தது.

சிரித்துக்கொண்டே எழும்பிக் குசினிக்குப் போனாள். தேத்தண்ணியை நீட்டிய உம்மாவின் உதடு, கேட்பதற்காகத் திறந்து, மூடி, மறுபடி திறந்தது.

"என்னடி சிரிக்கிறாய்?"

"ஒண்டும் இல்ல உம்மா."

அந்தக் கிழமைக்கு அதுதான் கடைசிப் பொய்.